இம்பாக்ட் கன்னில் சாக்கெட் நிற்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கங்கைகொண்டானிலிருந்து பணகுடி வரை தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் உள்ள லாரி டயர் கடைகளிலும், தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் டிரெய்லர்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளிலும், ராதாபுரம் பக்கத்துக் கல் குவாரிகளிலும் இம்பாக்ட் கன், அதாவது சுத்தியல்போல அடித்து அடித்து நட்டைத் திருகும் கருவி, ஓயாமல் ஓடுகிறது. அந்தக் கன்னுக்கும், அதன் முனையில் மாட்டி நட்டைக் கவ்வும் சாக்கெட்டுக்கும் நடுவே இருக்கும் லாக், அதாவது சாக்கெட் கழன்று விழாமல் பிடித்து வைக்கும் வளையமோ பின்னோ, மிகச் சிறிய பொருள் என்பதால் யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. அது கெட்டுப்போனால் புதிதாக ஒன்றை மாட்டுகிறார்கள். கிடைக்காவிட்டால் ஆணியைச் செருகுகிறார்கள். சில நாட்களில் அதே பழுது திரும்ப வருகிறது.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் அடிப்படையான செய்தி ஒன்றுதான். லாக் சாக்கெட்டைச் சுழற்றுவதில்லை. சுழற்றும் விசை முழுவதையும், ஒவ்வொரு சுத்தியல் அடியையும், சாக்கெட் மாட்டும் கன்னின் சதுர முனையில் உள்ள நான்கு பக்கங்களே தாங்கி சாக்கெட்டுக்குக் கொடுக்க வேண்டும்; சாக்கெட் முன்பக்கமாக நழுவாமல் தடுப்பது மட்டுமே லாக்கின் வேலை. ஆகவே லாக் அடிக்கடி உடைகிறது, வளைகிறது, அறுகிறது என்றால், தனக்குரியதல்லாத ஒரு சுமை அதன்மேல் ஏறுகிறது என்று பொருள். அந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் லாக்கை மட்டும் மாற்றுவதால் பயனில்லை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் ஏர் ஹோஸைக் கழற்றிவிட்டு, டிரிக்கரை ஒருமுறை அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பேட்டரி கன் என்றால் பேட்டரியை உருவி வைக்க வேண்டும். ஒரு கையால் சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு மறு கை தற்செயலாக டிரிக்கரில் பட்டால் விரல் போய்விடும். கண்ணாடி அணியாமல் வளையத்தை நெம்பக் கூடாது.

உங்கள் கன்னில் எந்த லாக் இருக்கிறது?

அரை இன்ச் கன்களில் பெரும்பாலும் காணப்படுவது உராய்வு வளையம். சதுர முனையைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். அதில் முதலில் ஓ ரிங் என்ற ஒரு சிறு ரப்பர் வளையமும், அதற்கு மேல் வாய் பிளந்த ஒரு இரும்பு வளையமும் உட்கார்ந்திருக்கும். அடியிலுள்ள ரப்பர் இரும்பு வளையத்தை வெளிப்பக்கமாகத் தள்ள, அது சாக்கெட்டின் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும். இரண்டாவது வகை அமுக்கு பின்: சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு பின் எட்டிப் பார்க்கும், அது சாக்கெட்டின் பக்கவாட்டுத் துளையில் போய் உட்கார்ந்துவிட்டால், பஞ்ச் (punch) என்ற மெல்லிய இரும்புக் குச்சியால் அதை உள்ளே அமுக்கினால் தவிர சாக்கெட் வெளியே வராது. மூன்றாவது வகை குறுக்குப் பின்னும் ஓ ரிங்கும். சாக்கெட்டையும் சதுர முனையையும் ஊடுருவிச் செல்லும் துளையில் பின்னைச் செருகி, சாக்கெட்டின் வெளிப்பக்கப் பள்ளத்தில் ரப்பர் வளையத்தை ஏற்றினால், பின்னின் இரு முனைகளையும் ரப்பர் மூடிக்கொள்ளும். லாரி வீல் நட்டுக்குப் பயன்படும் ஒரு இன்ச் கன்களில் இதுவே வழக்கம். முக்கால் இன்ச் கன்களில் உராய்வு வளையமும் குறுக்குத் துளையும் சேர்ந்தே வருவதுண்டு. அவற்றில் பெரிய சாக்கெட்டுக்கு வளையத்தை மட்டும் நம்பாமல் பின்னையும் போடுவதே நல்லது.

அறிகுறி: கன்னைக் கீழ்நோக்கிச் சாய்த்தாலே சாக்கெட் விழுகிறது

உராய்வு வளையம் உள்ள கன்னில் மிகுதியாக வரும் புகார் இது. முதலில் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, வளையத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் அமுங்கி, விரலை எடுத்தவுடன் எழும். அமுங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அடியிலுள்ள ஓ ரிங் தட்டையாகிவிட்டது, அல்லது பள்ளம் அழுக்கால் அடைந்துவிட்டது. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலும், குவாரிப் பொடியும் கிரீஸுடன் கலந்தால் ஒரு வகைச் சாந்தாகவே இறுகிவிடுகின்றன. வளையம் புதிதாக இருந்தாலும் அசைய இடமிருக்காது. எனவே புது வளையம் வாங்கும் முன் பள்ளத்தைச் சுத்தம் செய்து பாருங்கள்.

வளையம் அமுங்கி எழுகிறது, ஆனாலும் சாக்கெட் நிற்கவில்லை என்றால், வளையத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். தேய்ந்த வளையம் சதுரத்தின் பக்க மட்டத்தைத் தாண்டி வெளியே தெரியாது. விரல் நுனியால் பக்கத்தின் குறுக்கே வருடினால் வளையம் மெலிதாகத் தடுக்க வேண்டும்; தடுக்காவிட்டால் மாற்ற வேண்டும்.

மாற்றும் முறை எளிது, ஆனால் அவசரம் ஆகாது. கன்னைத் துணி விரித்த மேசையில் வைத்து, வளையத்தின் பிளவில் சிறு ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கொடுத்து, மற்றொரு கையால் மேலே துணியைப் போட்டுக்கொண்டு நெம்ப வேண்டும். துணி இல்லாவிட்டால் வளையம் துள்ளிப் பறக்கும். பழைய ரப்பர் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு துணுக்குகூட உள்ளே தங்கக் கூடாது. பள்ளத்தைத் துடைத்து, புது ஓ ரிங்கில் கடுகளவு கிரீஸ் தடவி உட்காரவைத்து, அது முறுக்கிக் கொள்ளாமல் சமமாக இருக்கிறதா என்று விரலால் ஒருமுறை சுற்றி வாருங்கள். அதன்பின் இரும்பு வளையத்தைச் சதுர முனையைத் தாண்டும் அளவுக்கு மட்டும் விரித்து ஏற்ற வேண்டும். கூடுதலாக விரித்த வளையம் பழைய வட்டத்துக்குத் திரும்பாது. பிறகு சாக்கெட் உள்ளே போகாமல் மல்லுக்கட்டும். சரியாக அமைந்தால், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டியதும் சாக்கெட் ஏறிவிடும்.

புது வளையத்துக்குப் பிறகும் விழுகிறது என்றால் குற்றவாளி சாக்கெட்டாக இருக்கலாம். இதைப் பிரித்தறிய இடமாற்றுச் சோதனையைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தச் சாக்கெட்டை நல்ல நிலையிலுள்ள மற்றொரு கன்னிலும், ஒரு புதுச் சாக்கெட்டைச் சந்தேகத்துக்குரிய கன்னிலும் மாட்டிப் பாருங்கள். ஆட்டம் சாக்கெட்டோடு போகிறதா, கன்னோடு நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

அமுக்கு பின் உள்ள கன்னில் இதே அறிகுறி வந்தால், பின் உள்ளேயே சிக்கியிருக்கும். உவரி, கூடங்குளம், இடிந்தகரை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பின்னைத் துருவால் பிடித்துக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் சில துளிகள் விட்டு, ஊறவிட்டு, பஞ்ச் குச்சியால் மெல்லத் தட்டி எழுப்பலாம். எழுந்த பிறகும் பின் சோம்பலாக இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது. சாக்கெட்டில் பக்கவாட்டுத் துளை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். துளையில்லாத சாக்கெட்டை இந்த வகைக் கன் பிடிக்கவே பிடிக்காது.

அறிகுறி: சாக்கெட் கழன்று வர மறுக்கிறது

சுத்தியலால் சாக்கெட்டின் பின்புறத்தில் அடிப்பதுதான் பலரும் செய்யும் முதல் காரியம். அந்த அடி கன்னின் முன்பகுதியில் உள்ள புஷ் என்ற தாங்கு வளையத்தையும் உள்ளிருக்கும் சுத்தியல் கூண்டையும் போய்த் தாக்குகிறது. சாக்கெட் வந்துவிடும், கன் கெட்டுவிடும். முதலில் அமுக்கு பின்னா என்று உறுதிசெய்து, பஞ்ச் குச்சியால் அதை முழுமையாக அமுக்கிக்கொண்டே சாக்கெட்டை இழுத்துப் பாருங்கள். உராய்வு வளையம் என்றால் எண்ணெய் விட்டு, சாக்கெட்டை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டும்.

வெளியே வந்த பிறகு சதுர முனையின் விளிம்புகளைப் பாருங்கள். தேய்ந்த சாக்கெட்டுகளுடன் நெடுநாள் ஓடிய முனையில் இரும்பு நசுங்கி விளிம்பில் உதடுபோலப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை மட்டும் எண்ணெய்க் கல்லால் தேய்த்து நீக்கலாம். நான்கு பக்கங்களின் சமதளத்தை எக்காரணம் கொண்டும் கிரைண்டரில் காட்டக் கூடாது. ஒரு பக்கம் இழைத்தாலே ஆட்டம் கூடிவிடும், இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா அறிகுறிகளும் வரிசையாக வந்து சேரும்.

அறிகுறி: ஓ ரிங் அடிக்கடி அறுந்து போகிறது

தச்சநல்லூர்ப் பக்கத்து டயர் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் ஒரு இன்ச் கன்னைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, "அண்ணாச்சி, நானும் எத்தனையோ ரிங்கு மாத்திட்டேன், நிக்கவே மாட்டேங்கு" என்றார். ரப்பரின் தரத்தைத்தான் அவர் சந்தேகப்பட்டார். சாக்கெட்டை வாங்கிப் பார்த்தபோது, பின்னின் ஒரு முனை பள்ளத்தின் அடிமட்டத்துக்கு வெளியே அரிசி முனை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையில் பிசிரும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிசிர் ரப்பரை உள்ளிருந்து அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வேறு எந்தக் கம்பெனி ரிங் போட்டாலும் இதே கதிதான்.

ஆகவே ரிங் அறுந்தால் முதலில் பின்னை அளக்க வேண்டும். சாக்கெட்டின் வெளிப்பள்ளத்தில், அடிமட்டத்திலிருந்து எதிர் அடிமட்டம் வரையான விட்டத்தை வெர்னியர் அளவுகோலால் எடுத்து, பின்னின் நீளம் அதற்குச் சற்றுக் குறைவாக இருக்கிறதா என்று பாருங்கள். நீளமாக இருந்தால், பெரும்பாலும் அது வேறொரு சாக்கெட்டுக்குரிய பின்னாக இருக்கும். பின்னும் ரிங்கும் சதுரத்தின் அளவை மட்டும் பொறுத்தவை அல்ல. சாக்கெட்டின் வெளிவிட்டத்தையும் பொறுத்தவை. கடையில் "ஒரு இன்ச்சுக்கு ஒரு பின்" என்று கேட்டு வாங்குவதில்தான் இந்தக் கோளாறு தொடங்குகிறது. சாக்கெட்டையே கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும். பின்னின் இரு முனைகளிலும் கூர்மை இல்லாமல் மழுங்கச் சீவியிருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் ரப்பரின் வகை. பழைய டியூப்பிலிருந்து பட்டையாக வெட்டிய ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றிவிடும் பழக்கம் நம் கடைகளில் பரவலாக உண்டு. டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பரால் ஆனவை. அந்த ரப்பர் காற்றைக் கசியவிடாமல் பிடிப்பதில் சிறந்தது. ஆனால் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். ஏர் கன்னிலோ எப்போதும் எண்ணெய் வழிந்துகொண்டே இருக்கும். தளர்ந்த பட்டை பள்ளத்தை விட்டு ஏறியதும், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் சாக்கெட்டிலிருந்து பின் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். அது போகும் திசையை யாராலும் சொல்ல முடியாது. எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ஓ ரிங்கின் விலை மிகச் சொற்பம், அதையே வாங்குங்கள். பிரேக் ஆயில் மட்டும் நைட்ரைலுக்கு ஆகாது. பிரேக் வேலை செய்த கையோடு ரிங்கைத் தொட்டால் துடைத்துவிட வேண்டும். வெயிலில் போட்டு வைத்தாலும் நைட்ரைல் வெடித்துப்போகும், நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது அதிக நாள் தாங்காது.

ரிங்கை ஏற்றும்போது ஸ்குரூ டிரைவரின் கூர் விளிம்பால் நெம்புவதும் ஒரு காரணம். அப்போது விழும் நுண்ணிய வெட்டு கண்ணுக்குத் தெரியாது. மறுநாள் அந்த இடத்திலேயே அறும்.

அறிகுறி: பின் வளைகிறது அல்லது துண்டாகிறது

இங்குதான் தொடக்கத்தில் சொன்ன அடிப்படை முழுமையாகப் பொருந்துகிறது. பின் துளைக்குள் தளர்வாக, விரலால் தள்ளினாலே போகும்படி இருக்க வேண்டும். அந்தத் தளர்வு தயாரிப்பாளரின் கவனக்குறைவு அல்ல. சதுர முனைக்கும் சாக்கெட்டுக்கும் இடையே இயல்பாக உள்ள சிறு ஆட்டத்தில் அடியின் விசை பின்மேல் இறங்காமல் இருப்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். சதுரம் தேய்ந்து ஆட்டம் கூடும்போது அந்தத் தளர்வு போதாமல் போகிறது. சதுரத்தின் பக்கங்கள் சாக்கெட்டைத் தொடும் முன்பே பின் துளையின் சுவரில் மோதுகிறது. கன் கொடுக்கும் அடி முதலில் பின்மேல் விழுகிறது. எவ்வளவு உறுதியான பின்னாக இருந்தாலும் அதற்கு அது ஆகாது.

உடைந்த பின்னைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் படிக்கட்டுப்போல எதிரெதிராக நசுங்கியிருந்தால் சதுரம் தேய்ந்திருக்கிறது. நடுவில் மட்டும் வில்லாக வளைந்திருந்தால் பின் மென்மையான இரும்பு, பெரும்பாலும் ஆணி. வளைவே இல்லாமல் கண்ணாடிபோலப் பளிச்சென்று ஒடிந்திருந்தால், யாரோ உடைந்த டிரில் பிட்டின் தண்டையோ ஆலன் கீயையோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றில் கடைசியே மிக ஆபத்தானது என்பது என் கருத்து. ஆணி வளைந்து உள்ளே சிக்கிக்கொண்டு நேரத்தைத்தான் வீணாக்கும். கடினப்படுத்திய இரும்போ சில்லாக உடைந்து பறக்கும். கம்பியைச் செருகி முறுக்கிவிடுவதும் கூடாது, முறுக்கிய வால் கையுறையைக் கொத்தி இழுத்துவிடும்.

சதுரம் தேய்ந்ததாகத் தெரிந்தால் முனையையே மாற்ற வேண்டும். பெரும்பாலான கன்களில் அது தனி உதிரி பாகமாகக் கிடைக்கிறது. வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கொடுத்துச் சீவுவது வேண்டாம். வெல்டிங்கின் சூடு அந்த இரும்புக்குக் கொடுத்த பதத்தை அழித்துவிடும், பிறகு முனை நசுங்கும் அல்லது விரிசல் விடும்.

அறிகுறி: பின் துளையில் ஏறவே மறுக்கிறது

இது பெரும்பாலும் சிறு விஷயம். சதுர முனையில் குறுக்குத் துளை ஒரு திசையில் மட்டுமே இருக்கும். சாக்கெட்டைக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் துளைகள் நேர்ப்படும். திருப்பியும் நேர்ப்படாவிட்டால் சாக்கெட் அடிவரை உட்காரவில்லை. உள்ளே மண்ணோ பழைய பின்னின் துண்டோ இருக்கும். சதுரங்களின் அளவுகளுக்கு ஐ.எஸ்.ஓ 1174-2 என்ற தரநிலை உண்டு. அதைப் பின்பற்றிய சாக்கெட்டும் கன்னும் வெவ்வேறு கம்பெனியாக இருந்தாலும் பொருந்தும். முத்திரையில்லாத மலிவுச் சாக்கெட்டில் துளை தள்ளிப் போடப்பட்டிருந்தால், அதைச் சரிசெய்ய முனையின் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். சாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: கன் அடிக்கிறது, சாக்கெட் ஆடுகிறது, நட்டு அசையவில்லை

லாரியின் 32 அல்லது 33 மில்லிமீட்டர் வீல் நட்டில் இது வரும்போது எல்லோரும் கம்ப்ரசரைத்தான் குறை சொல்வார்கள். அதையும் பார்க்க வேண்டியதுதான்: கன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் காற்று நுழையும் வாயருகே 90 பி.எஸ்.ஐ, ஏறத்தாழ 6.2 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கம்ப்ரசர் தொட்டியின் அழுத்தமானி காட்டுவது கணக்கில்லை. காரில் பயன்படும் மெல்லிய ஹோஸை ஒரு இன்ச் கன்னில் மாட்டினால், தொட்டி நிறைந்திருந்தும் கன் பட்டினி கிடக்கும்.

அழுத்தம் சரியாக இருந்தும் நட்டு அசையாவிட்டால், அடி வழியில் தொலைகிறது. தேய்ந்த சதுரத்தில் ஒவ்வொரு அடியின் ஒரு பங்கு அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடும். நடுவில் எக்ஸ்டென்ஷன் என்ற நீட்டிப்புத் தண்டும், முக்காலிலிருந்து ஒரு இன்ச்சுக்கு மாற்றும் அடாப்டரும் இருந்தால், ஒவ்வொரு இணைப்பும் தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். அத்தோடு ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி லாக் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கன் பக்கத்தில் பின் இருக்கும், எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில் ஒன்றுமே இருக்காது. காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் வேலை செய்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பங்குனி, சித்திரையில், காற்றுக்காலம் தொடங்கும் முன் பராமரிப்பு வேலைகள் நெருக்கும்போது, மேலிருந்து நழுவும் ஒரு சாக்கெட் கீழே நிற்பவரின் ஹெல்மெட்டையும் பிளக்கும்.

அறிகுறி: சாக்கெட்டில் பின் துளையைச் சுற்றி விரிசல்

இதற்கு நிவாரணம் கிடையாது, சாக்கெட்டைக் கழித்துவிட வேண்டும். சதுரத்தின் நான்கு உள்மூலைகளும் பின் துளையும் விசை குவியும் இடங்கள். விரிசல் அங்கேதான் பிறக்கும். சாக்கெட்டைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, மறுபடியும் துடைத்துவிட்டுச் சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், விரிசலுக்குள் போன எண்ணெய் மயிர்க்கோடாக வெளியே கசிந்து காட்டும்.

வெள்ளையாகப் பளபளக்கும் குரோம் பூசிய கைச் சாக்கெட்டை இம்பாக்ட் கன்னில் மாட்டியிருந்தால் விரிசல் விரைவில் வரும். அவை கையால் திருகுவதற்காகக் கடினமாகவும் மெல்லிய சுவருடனும் செய்யப்பட்டவை. அடியை வாங்கி நெகிழத் தெரியாமல் சில்லாகத் தெறிக்கும். கன்னுக்குரியவை குரோம் மாலிப்டினம் இரும்பில், தடித்த சுவருடன், கறுப்பு நிறத்தில் வருபவை. கைச் சாக்கெட்டுகளில் பொதுவாகக் குறுக்குத் துளையும் வெளிப்பள்ளமும் இருப்பதில்லை என்பதால் குறுக்குப் பின் போட இடமே இருக்காது. எளிதில் அடையாளம் காண அதுவே போதும். அத்தகைய சாக்கெட்டில் நீங்களே துளை போட்டுப் பின் செருக முயல வேண்டாம்.

புது லாக் மாட்டிய பிறகு, சாக்கெட்டைத் தரைப்பக்கமாகக் காட்டி, யாரும் எதிரில் நிற்காதபடி பார்த்துக்கொண்டு, டிரிக்கரைப் பாதியளவு மட்டும் அழுத்திச் சில நொடிகள் ஓடவிடுங்கள். நிறுத்தி, ஹோஸைக் கழற்றி, ரிங் பள்ளத்திலேயே இருக்கிறதா, பின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே வீல் நட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டோடும் அதற்குரிய பின்னையும் இரண்டு ரிங்குகளையும் ஒரே பையில் கட்டி, பையின்மேல் சாக்கெட்டின் அளவை எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இரவில் பழுதாகி நிற்கும் லாரிக்குக் கடை திறந்து வேலை பார்ப்பவரின் கை, அந்தப் பை இல்லாவிட்டால், ஆணி டப்பாவைத்தான் தேடும்.